மகளும் நானும் பிளஸ் டூ படித்த வருடங்கள்

என் மகள் பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று வாங்கினாள். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்கு அந்த வருடம் அதுதான் பெரிய மார்க். ரிசல்ட் வந்த அன்று பொழுது சாய்கிறவரைக்கும் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பயாலஜியா, கம்ப்யூட்டரா?" அவள் இரண்டையும் சொல்லவில்லை. "ஹிஸ்டரி குரூப் எடுக்கப் போறேன். அப்புறம் லா" என்றாள். கேட்டவர்கள் அவளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் தம்பி போன் பண்ணினான். என்னிடம் பேசவில்லை. நேராக என் வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னான்.

"என்னா மாமா இது? இவ்ளோ மார்க்க வச்சிக்கிட்டு யாராவது ஹிஸ்டரி எடுப்பாங்களா? அது ஒண்ணும் கெடைக்காதவன் எடுக்கிற குரூப்பு."

"படிக்கப் போறது நீயா நானா மச்சான்? அவதான படிக்கப் போறா" என்றார் இவர். போன் முடிந்துவிட்டது. இவர் பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். அண்ணாகிராமம் பக்கமெல்லாம் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். எதையும் ஒரு வரியில் முடிக்கிற மனுஷர்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் புதுப் புத்தகங்கள் வந்த அன்று அட்டை போட உட்கார்ந்தபோது வரலாற்றுப் புத்தகத்தை நடுவில் பிரித்து ஒரு பக்கம் படித்தேன். பிறகு அடுத்த பக்கம். சோறு அடிப்பிடிக்கிற அளவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அடுப்படியிலிருந்து வாசம் வந்தபோதுதான் தெரிந்தது.

மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்ததை யாரிடமாவது ஒப்பித்தால்தான் அவளுக்கு மனசில் நிற்கும். சின்ன வகுப்பிலிருந்தே அந்த யாராவது நான்தான். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லுகிற வரியை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். பிளஸ் ஒன்னிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் அரிசி களைகிறபோது, துணி மடிக்கிறபோது, பக்கத்தில் வந்து நின்று "ம்மா, புடி" என்று புத்தகத்தை நீட்டுவாள். இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் அவள் பாதியில் நின்றுவிட்டாள். அடுத்த வரியை நான் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னேன். அதற்கு அடுத்த வரியையும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீயே எழுதலாம் போலிருக்கே. ஏம்மா, நீ எழுதேன்?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு அவள் தூங்கின பிறகும் நான் புத்தகத்தை மூடவில்லை.

நானும் பத்தாவது நன்றாகத்தான் படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. அந்த வருடம் என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். தம்பி சின்னவன். இரண்டு ஏக்கர் நிலம், மாடு, சமையல் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. "ஒரு வருஷம் பொறுத்துக்க பாப்பா" என்று அப்பா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் ஒரு வருடம்தான் என்று நம்பினார். என்னோடு படித்த மூன்று பெண்கள் பிளஸ் ஒன் சேர்ந்து சிதம்பரத்துக்குக் காலை பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள். நான் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறபோது அவர்கள் எதிரே வருவார்கள். முதல் மாதம் நின்று பேசினோம். பிறகு அவர்கள் பேச்சில் எனக்குத் தெரியாத டீச்சர்கள், தெரியாத பாடங்கள் வந்தன. நான் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். பத்தொன்பது வயதில் கல்யாணம். அதற்குப் பிறகு பரீட்சை என்றால் எனக்குக் கனவு மட்டும்தான். கனவில் எப்போதும் பரீட்சைக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருப்பேன்.

மகள் சொன்னது விளையாட்டு என்றாலும் அவளே பள்ளிக்கூடத்தில் விசாரித்துக்கொண்டு வந்தாள். பத்தாவது பாஸ் பண்ணியவர்கள் பிரைவேட்டாக பிளஸ் ஒன் எழுதலாம். அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதலாம். பிராக்டிகல் இல்லாத குரூப்பாக இருந்தால் போதும். ஹிஸ்டரி, எக்கனாமிக்ஸ், பொலிட்டிக்கல் சயின்ஸ், சிறப்புத் தமிழ் என்று அவள் எடுத்திருந்த அதே குரூப். "ஒரே புக்கு போதும்மா நமக்கு" என்றாள்.

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "படி. யார் வேணான்னா? சோறு மட்டும் நேரத்துக்கு ஆயிடணும்" என்றார்.

மார்க் லிஸ்ட்டும் டி.சி.யும் ஸ்ரீமுஷ்ணத்தில் என் பிறந்த வீட்டில் இருந்தன. தம்பி பீரோவுக்கு மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தந்தான். நிலப் பத்திரங்கள், ரேஷன் கார்டு நகல்கள் எல்லாவற்றுக்கும் கீழே என் மார்க் லிஸ்ட் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருந்தது. அப்பா கவர் போட்டு வைத்திருக்கிறார். இருபது வருடம் யாருக்கும் தேவைப்படாத காகிதத்துக்கு எதற்குக் கவர் போட்டார் என்று கேட்க அப்பா இல்லை. தம்பி, "இத வச்சி இனிமே என்னா செய்யப் போற?" என்று சிரித்தான். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரே புத்தகம் என்பதால் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். அவள் பள்ளிக்கூடம் போகிறபோது அன்றைக்கு எந்தப் புத்தகம் வேண்டாமோ அதை எனக்கு வைத்துவிட்டுப் போவாள். டீச்சர் சொன்னதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவாள். புரியாத இடத்தில் நான் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பேன். மறுநாள் அவள் அந்தக் கேள்வியை வகுப்பில் தன் கேள்வி போலக் கேட்பாள். "இன்னிக்கு உன் டவுட்ட கேட்டேன். மிஸ்ஸு நல்ல கேள்வின்னாங்க" என்று சொல்லுவாள். ஒரு கேள்வி நல்ல கேள்வி என்று யாரோ சொன்னதற்காக நான் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் வீட்டிலேயே பரீட்சை. கூடத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காருவோம். கண்காணிப்பாளர் இவர்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்து, "யாரும் செல்போன் வச்சிருக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லி முடிக்கிறதற்குள் அவர் போனே அடித்தது. மகள் பேனாவை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஒரு மணி ஆனதும் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினார்.

"அஞ்சே நிமிஷம்ங்க. கடைசி கேள்வி" என்றேன்.

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று என் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார்.

அவள் பேப்பரை நான் திருத்துவேன். என் பேப்பரை அவள் திருத்துவாள். என் கை தாராளம். அவள் கை கஞ்சம். வருடத்தைத் தப்பாக எழுதினால் ஒரு மார்க், கையெழுத்துக்கு அரை மார்க் என்று வெட்டிக்கொண்டே போவாள். "பதில் சரியாத்தானடி இருக்குது" என்பேன். "திருத்தறவுங்க உன் மூஞ்சியப் பாத்தா மார்க் போடுவாங்க? பேப்பரத்தான் பாப்பாங்க" என்பாள். அந்த நேரத்தில் அவள் என்னை ஒரு தாயாக நினைக்கவே இல்லை. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

பிளஸ் ஒன் ரிசல்ட் வந்தது. இரண்டு பேருமே பாஸ். ஆனால் வரலாற்றில் நான் எண்பத்தெட்டு, அவள் எழுபத்தொன்பது. மொத்தத்தில் அவள்தான் அதிகம் என்றாலும் அந்த ஒரு பாடம் தெருவெல்லாம் பரவிவிட்டது. இவர்தான் பெருமையில் கம்பெனியில் சொல்லிவிட்டார். அங்கே இவரோடு வேலை செய்கிற ஒருவரின் பெண் என் மகளோடு படிக்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து மகள் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைக் கழுவி வைப்பாள், போய்விடுவாள். மூன்றாவது நாள் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன என்று கேட்டேன்.

"கிளாஸ்ல எல்லாரும் 'உங்கம்மாவ வுட கம்மியாமே'ன்னு கேக்கறாங்க."

"சும்மா கிண்டல் பண்ணுவாங்க பாப்பா. வுடு."

"கிண்டல் இல்லம்மா." அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளினாள். "எல்லாரும் வேணான்னு சொல்லச் சொல்ல இந்தக் குரூப்ப நான் எடுத்தேன். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதயும் நீ எடுத்துக்கிட்ட."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினாறு வயதில் எனக்குக் கிடைக்காமல் போனதை அவள் பதினாறு வயதுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்று நானே நினைத்தேன். என் நோட்டுகளையெல்லாம் கட்டி அலமாரிக்கு மேல் வைத்தேன். பிளஸ் டூ எழுதப் போவதில்லை என்று இவரிடம் சொன்னேன். "ஏன்?" என்றார். "முடியல" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பத்து மணிக்குக் கூடத்துக்கு வந்து, இரண்டு சுவரையும் பார்த்துவிட்டு, வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

பிளஸ் டூ வகுப்பு தொடங்கி ஒன்றரை மாதம் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். அவள் தனியாகப் படித்தாள். யாரிடமும் ஒப்பிக்கவில்லை. சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலம் தேவை என்று தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தி படிக்கச் சொல்லியிருந்தார் பள்ளிக்கூடத்தில் மேல்படிப்பு வழிகாட்டும் டீச்சர். அவள் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகப் படிப்பாள். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உச்சரிப்பு தடுமாறுகிற இடத்தில் என் கை தானாக நின்றுவிடும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக் கழற்றாமலே சொன்னாள். "சிதம்பரத்துல காலேஜ் பாக்கக் கூட்டிட்டுப் போறாங்க. டீச்சருங்களோட பேரன்ட்ஸ்ல ரெண்டு பேரு வரணுமாம். உன் பேரக் குடுத்திருக்கேன்."

"என் பேரயா?"

"வேற யார் பேரக் குடுப்பாங்க?" என்று உள்ளே போய்விட்டாள்.

நாற்பது பெண்களோடு பஸ்ஸில் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வர வர அவர்கள் பாட்டும் கூச்சலுமாக இருந்தார்கள். சிதம்பரத்துக்கு நான் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். கீழ வீதியில் துணி எடுக்க, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு. ஒரு கல்லூரியின் வாசலுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். வேதியியல் கூடம், கம்ப்யூட்டர் அறை எல்லாம் காட்டினார்கள். நூலகத்தில் ஒரு பெண் மூன்று புத்தகங்களை விரித்துப் போட்டு, ஒன்றில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இன்னொன்றிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய மேஜை அவள் ஒருத்திக்கு. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். டீச்சர் வந்து, "வாங்கம்மா, புள்ளைங்க முன்னாடி போயிட்டாங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

வரலாற்றுத் துறையில் ஒரு பேராசிரியர் பேசினார். வரலாறு படித்தால் என்னென்ன வேலைகளுக்குப் போகலாம் என்று சொன்னார். பிறகு பின்வரிசையில் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க எந்தக் கிளாஸ் எடுக்கறீங்க மேடம்?" என்று கேட்டார். எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். "இல்ல சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அவுங்க என் கிளாஸ்மேட் சார்" என்றாள் என் மகள்.

சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "நிஜமாத்தான் சார். பிரைவேட்டா எழுதறாங்க. ஹிஸ்டரில என்னை வுட ஜாஸ்தி." அந்தப் பேராசிரியர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தேன். பாட்டில் காலியாகிறவரைக்கும் குடித்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் தோழிகளை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கண்டிஷன்" என்றாள்.

"சொல்லு."

"பிளஸ் டூ மார்க்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட கூட. மாமாகிட்ட சொல்லவே கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றைக்குச் சாயங்காலமே அலமாரிக்கு மேலிருந்த நோட்டுக் கட்டை அவளே ஸ்டூல் போட்டு இறக்கினாள்.

அந்தப் பிளஸ் டூ வருடம் முந்தின வருடம் போல இல்லை. சிரிப்பு குறைவு. இரண்டு பேரும் ஜாக்கிரதையாக இருந்தோம். அவள் கேட்டால் தவிர நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கவில்லை. அவளும் என் பேப்பரில் முன்பு போல அரை மார்க் வெட்டவில்லை. வெட்டியிருக்கலாம் என்று எனக்கு இருக்கும். ஆனாலும் மார்கழியில் அதிகாலைக் குளிரில் ஒரே போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு, நடுவில் புத்தகத்தை வைத்து, அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் படித்ததெல்லாம் அந்த வருடம்தான். நான் மெதுவாகப் படிப்பேன். அவள் முடித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பாமல் எனக்காகக் காத்திருப்பாள். அப்போது அவள் மூச்சு என் தோளில் படும்.

பரீட்சை வந்தது. அவளுக்கு மஞ்சக்குப்பத்தில், எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் சென்டர். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கேள்வித்தாள். இவர் முதல் நாள் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். நான் டவுன் பஸ்ஸில் போனேன். வாசலில் நின்ற ஆசிரியர் என்னைத் தடுத்தார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் வெளியவே நிக்கணும்மா."

"எழுத வந்திருக்கேன் சார்" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவர் போட்டோவையும் என்னையும் இரண்டு முறை பார்த்தார். "போங்கம்மா, போங்க. நல்லா எழுதுங்க" என்று வழி விட்டார். என் அறையில் முந்தின வருடம் தவறிய தாடிக்காரப் பையன் ஒருவன், ஆறு மாத கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, என்னை விட மூத்த ஆள் ஒருவர். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கானது. என் முழங்கால் மேஜையில் இடித்தது. கேள்வித்தாளை வாங்கினதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இதே காகிதம் இப்போது மகள் கையிலும் இருக்கும் என்பதுதான். ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டு போகிறபோது, இது அவளுக்குத் தெரியும், இது தெரியும், இதில்தான் அவளுக்குத் தகராறு என்று பார்த்தேனே தவிர எனக்குத் தெரியுமா என்று பார்க்க மறந்துபோனேன். பத்து நிமிடம் கழித்துத்தான் எழுத ஆரம்பித்தேன்.

ரிசல்ட் வந்தது. எங்கள் மார்க்கை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை. இரண்டு பேரும் பாஸ். நல்ல பாஸ். தம்பி போன் பண்ணி எவ்வளவு எவ்வளவு என்று கேட்டான். "பாஸ்" என்றேன். அது அவனுக்கு இன்றைக்கும் கோபம்.

சட்டப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பத்திகள் நீளம், நேரம் போதவில்லை என்றாள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் தானே எழுந்து, மார்க்கை வைத்து இடம் தருகிற அரசு சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். அந்தப் பட்டியல் வருவதற்குள் எனக்கும் பி.ஏ.வுக்கு ஒரு விண்ணப்பம் வாங்கலாம் என்று சொன்னதும் அவள்தான். "நீ ரெகுலராவே போம்மா. சிதம்பரம் என்னா தூரமா? ஒரு மணி நேர பஸ்ஸு" என்றாள்.

நாங்கள் இருவரும் சிதம்பரத்துக்குப் போனது கோயில் ஆனித் தேர்த் திருவிழா சமயம். வீதியெல்லாம் கூட்டம். பஸ்ஸை முன்னாலேயே நிறுத்திவிட்டதால் வெயிலில் நடந்து போனோம். கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கிற இடத்தில் ஒருவர் என் சர்டிபிகேட்டைப் பார்த்தார்.

"பொண்ணுக்காம்மா?"

"எனக்கு சார்."

"வயசு?"

"முப்பத்தெட்டு."

அவர் நல்ல மனுஷர்தான். முகம் கோணவில்லை. "ரெகுலர்ல வயசு லிமிட் இருக்குதும்மா. பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி குடுப்பாங்க. ஆனா இவ்ளோ கெடையாது. நீங்க தபால்ல படிங்களேன்? அதுவும் டிகிரிதான்."

மகள் விடவில்லை. "எந்த ரூல் சார்? எங்க போட்டிருக்குது?" என்று கேட்டாள். அவர் விவரப் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் அங்கேயே வராந்தாவில் நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். வியர்வை காதோரம் இறங்கியது. அதில் அவருடைய பக்கம்தான் சரியாக இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான் லாயர் ஆயிட்டு இதுக்கு ஒரு கேஸ் போடறேன் பாரு."

"நீ ஆவறதுக்குள்ள எனக்கு நாப்பத்து மூணு ஆயிடும். வா, பசிக்குது" என்றேன்.

ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம். எதிர் மேஜையில் கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒரே தட்டிலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் தோசையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

அவளுக்குத் திருநெல்வேலியில் இடம் கிடைத்தது. விழுப்புரம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைத்திருந்தோம். நானும் இவரும் கொண்டுபோய் விட்டோம். விடுதி அறையில் மூன்று கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் அவள் பெட்டியை வைத்துவிட்டு, புத்தகம் வைக்கிற அலமாரியை ஈரத் துணியால் துடைத்தேன். அவள் அதற்குள் அறைத் தோழி ஒருத்தியோடு மெஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. கேட்டைத் தாண்டி வந்ததும் இவர், "எவ்ளோ தூரம்" என்றார்.

நான் தபாலில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். புத்தகங்கள் ஒரு கட்டாக வந்தன. எல்லாம் எனக்கே எனக்கு. யாரோடும் நேரம் பிரித்துக்கொள்ள வேண்டியதில்லை. பக்க ஓரங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுகிறேன். மாதக்கணக்கில் அது அப்படியே இருக்கிறது.

வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்தில் வகுப்பு நடக்கும். முதல் வகுப்புக்குப் போன அன்று என் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். பிரமோஷனுக்காகப் படிப்பதாகச் சொன்னார். சாதாரணப் புடவையில்தான் வந்திருந்தார். வகுப்பு எடுத்தவர் நன்றாகத்தான் நடத்தினார். கரும்பலகை, மின்விசிறி, பெஞ்சில் யாரோ செதுக்கின பெயர்கள் எல்லாம் இருந்தன. பதினாறு வயதில் நான் ஏங்கின எல்லாமே இருந்தது. வகுப்பு முடிந்ததும், வாத்தியார் சொன்ன ஒரு விஷயம் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் மணியைப் பார்த்தார். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுக்கா. வாங்க, பஸ்ஸு போயிடும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். வீட்டில் அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அவரோடு நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எனக்குத் தேவைப்பட்டது கல்லூரி இல்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன். பாதி வழியிலேயே அது பொய் என்றும் தெரிந்தது. கல்லூரியும் வேண்டியிருந்தது. இன்னும் வேண்டியிருக்கிறது. ஆனால் அதை விட, என் தப்பைப் பார்த்ததும் கண்ணில் ஒரு சந்தோஷத்தோடு பேனாவை எடுக்கிற ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை எந்த ஊரில் போய்க் கேட்பது?

மகள் இப்போது மூன்றாம் வருடம். வாரத்துக்கு இரண்டு முறை பேசுவாள். மாதிரி நீதிமன்றத்தில் வாதாடினாளாம். எதிர்த்தரப்புப் பையனுக்கு வாய் அடைத்துவிட்டதாம். "நான் சொல்லுதேன், அவன் முழிக்கான்" என்றாள். சொல்லுதேன், முழிக்கான் என்று அவள் பேச்சு தெற்குப் பக்கம் போய்விட்டதை அவளே கவனிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் ஜாக்கிரதையாகிவிடுவாள். என்னிடம் பேசுகிறபோது மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சை எடுத்து உடுத்திக்கொள்வாள். அது எனக்கு வேண்டாம்.

போன மாதம் பேசுகிறபோது, "இந்த லீவுக்கு வர முடியாதும்மா. இங்க ஒரு வக்கீல்கிட்ட ஆபீஸ் வேல கத்துக்கச் சேத்துக்கிட்டாங்க. நெறைய பேரு கேட்டாங்க, எனக்குத்தான் குடுத்தாங்க" என்றாள்.

"நல்லதாச்சு. இரு, இருந்து கத்துக்க" என்றேன்.

"கோவம் இல்லல்ல?"

"எதுக்குக் கோவம்? இதுக்குத்தான படிக்க வச்சோம்."

"நீ நல்லா படிக்கிறியா?"

"படிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு வந்து இவரிடம் சொன்னேன். "வக்கீலம்மா ஆயிட்டா" என்று சிரித்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, இந்த மாதத்தில் அந்தப் பக்கம் முந்திரி லோடு ஏதாவது போகுமா என்று கம்பெனியில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். போகாது என்று அவருக்கும் தெரியும். நான் மகளிடம் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க நான் புத்தகத்தைத் தொடவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போனவள், எல்லாத் துணியையும் போட்டு முடித்த பிறகும், வேலை இல்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.